அந்த ‘ஆ’ யாருக்கு

மணிக்கட்டை ஒடித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் நோரீன் டாப்செல் ‘மெழுகுவத்திக்காரி’யைக் கடைசிவரை பார்த்திருக்கவே மாட்டாள். இத்தனைக்கும் லண்டன் பெல்மோர் தியேட்டரில் அந்த இசை நாடகம் அரங்கேறிய முதல் நாளிலிருந்து அவள் அதில்தான் இருந்தாள். கதாநாயகிக்கு உடை மாட்டிவிடுகிற வேலை. கதாநாயகிகள் எட்டுப் பேர் வந்து போய்விட்டார்கள். ஒருத்தி கல்யாணம் செய்துகொண்டு ஸ்காட்லாந்து போனாள், ஒருத்தி டெலிவிஷனில் துப்பறிகிறாள், ஒருத்திக்குத் தொண்டை போய்விட்டது. மேடைப் பலகையை இரண்டு தடவை பெயர்த்துப் போட்டார்கள். கூரையோரம் பொன்முலாம் பூசிய சுண்ணாம்புக் குழந்தைகளில் ஒன்றின் மூக்கு உதிர்ந்து, புது மூக்கும் வைத்தாயிற்று. நோரீன் மட்டும் அப்படியே இருந்தாள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சராய், கழுத்தில் கயிற்றில் கோத்த சின்ன டார்ச், மார்பில் வரிசையாக ஊக்குகள்.

“இத்தனை வருஷமா இருக்கியே, ஒரு தடவைகூடவா முன்னாடி உக்காந்து பாக்கல?” என்று யாராவது கேட்டால், “மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்பானா?” என்பாள். உண்மை அதைவிடச் சாதாரணமானது. நாடகம் உள்ள நாளில் அவளுக்கு வேலை. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் நாடகம் கிடையாது. லீவு கிடைத்தால் கணவன் வில்ஃப்போடு கடற்கரைக்குப் போவாள். லீவும் போட்டுவிட்டு வேலை இடத்துக்கே திரும்பி வந்து உட்கார அவளுக்கென்ன பைத்தியமா?

ஆனாலும் ஒன்றே ஒன்றைப் பார்க்கிற ஆசை மட்டும் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

அது இரண்டாம் பாதியில் வரும். வருஷக் கடைசி ராத்திரி. தெருவிளக்கு ஏற்றுகிறவர்கள் நீளக் கழிகளோடு, பாடிக்கொண்டே, வரிசையாக மேடையைக் கடப்பார்கள். மெழுகு உருக்கிக் கரி படிந்த சாம்பல் நிறச் சட்டையோடு நாயகி அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு பக்கம் மறைவாள். மறுபக்கம் வெளியே வரும்போது மஞ்சள் பட்டுக் கவுனில் இருப்பாள். நடுவில் பெட்டிக்கடை மாதிரி வரைந்த ஒரு தட்டி. அதற்குப் பின்னால் இருட்டில் குந்தியிருப்பவள் நோரீன். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பழைய சட்டையை ஒரே இழுப்பில் உருவி, கவுனைத் தலைவழியே இறக்கி, முதுகுக் கொக்கிகளைப் பூட்டி, இடுப்பு ரிப்பனை இடப்பக்கம் பூப்போல முடிந்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள். நாயகி போய்விடுவாள். அடுத்த கணம் அரங்கம் முழுக்க ‘ஆ’ என்று ஒரு சத்தம் எழும். நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாக மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். வியர்வையில் நனைந்த சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு நோரீன் அதைக் கேட்பாள். பாதி நாற்காலி காலியாகக் கிடந்த ஜனவரி மதியங்களில்கூட அது தவறியதில்லை.

அந்த ‘ஆ’ தனக்குத்தான் என்று அவள் நம்பினாள். அங்கேதான் சண்டை.

விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டானும் முதல் நாளிலிருந்து இருப்பவன். நாயகி வெளியே வரும் அதே கணத்தில்தான் கழிகள் உயர்ந்து, மேடையின் தெருவிளக்குகள் அத்தனையும் ஒருசேர எரியும். “கவுனைப் பாத்து எவன் வாயப் பொளக்குறான்? என் விளக்கப் பாத்துத்தான்!” என்பான் ஸ்டான். “விளக்கா? அவங்கவங்க தெருவுல இல்லாத விளக்கா? கவுன்தான்டா!” என்பாள் நோரீன். உடுப்பறையும் விளக்குப் பிரிவும் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து, கிறிஸ்துமஸ் விருந்தில்கூட எதிரெதிர் மேசையில் உட்காரும். ஸ்டானும் பக்கவாட்டில் விசைகளுக்கு முன்னால் நிற்பவன். முன்னால் வந்து பார்த்தவனில்லை. பார்க்காத இரண்டு பேர் போடுகிற சண்டைக்கு முடிவு எங்கே?

அந்தப் பிப்ரவரியில் கொல்லைப்புறப் படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி, இடது மணிக்கட்டு போயிற்று. வில்ஃப்பின் காய்கறிப் பாத்திக்கு உரமாகட்டும் என்று உருளைக்கிழங்குத் தோலை எடுத்துக்கொண்டு போனபோதுதான் விழுந்தாள். ஆகவே பழி அவன்மேல். முழங்கைவரை மாவுக்கட்டு. ஒற்றைக் கையால் கொக்கி பூட்ட முடியாது. ஆண் நடிகர்களுக்கு உடை மாட்டிவிடும் டெஸ்மண்டிடம் அவள் வேலையைக் கொடுத்தார்கள். ஐம்பதைத் தாண்டிய, நிதானமான மனிதன். விரல்கள்தான் கொஞ்சம் தடிமன்.

நோரீன் வீட்டில் இருக்கவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உடுப்பறையில் உட்கார்ந்து, டெஸ்மண்ட் எதைத் தொட்டாலும் குறை சொன்னாள்.

“முடிச்சு இடப்பக்கம், டெஸ்மண்ட். கூட ஆடுறவன் கை வலப்பக்க இடுப்புல வரும். மோதிரம் மாட்டுச்சுன்னா ரிப்பன் அப்படியே உருவிக்கிட்டு வந்துரும். ஒரு தடவை வந்திருக்கு.”

“தெரியும் நோரீன். காலையில சொன்னே. நேத்தும் சொன்னே.”

“நாளைக்கும் சொல்லுவேன்.”

மேலாளர் புதன்கிழமை மதியக் காட்சிக்கு முன்வரிசைப் பக்கம் இரண்டு இருக்கை கொடுத்தார். அன்பளிப்பு என்று சொன்னார். அவளை ஒரு நாளாவது அந்த அறையிலிருந்து கிளப்பத்தான் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. டெஸ்மண்ட் மேலாளரின் கையைப் பிடித்துக் குலுக்காத குறை.

செய்தி காதில் விழுந்ததும் ஸ்டான் ஓடி வந்தான்.

“ஆக, தீர்ப்புச் சொல்லப் போறே.”

“ஆமா.”

“பொய் சொல்லமாட்டியே?”

“நான் என்னிக்குடா பொய் சொன்னேன்? கவுனா இருந்தா கவுனும்பேன். விளக்கா இருந்தா,” என்று ஒரு கணம் நிறுத்தினாள், “விளக்கும்பேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, ரயிலில் லெய்டனில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. விளக்காக இருந்துவிட்டால்? இத்தனை வருஷம் முட்டி தேயக் குந்தியிருந்து கேட்டது அடுத்த வீட்டுக்காரனுக்கு வந்த கைதட்டலா?

*

புதன்கிழமை காலை வில்ஃப் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். கால்பந்து மைதானத்தைத் தவிர வேறெங்கும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்ததில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே ஒருவன் மனசைத் திறப்பது அவனுக்குப் பிடிக்காது. “பேசினா போதாதா?” என்பான்.

நோரீன் மாடியிலிருந்து இறங்கினாள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சராய்.

“யார் செத்தது?” என்றான் வில்ஃப்.

“வேற இல்ல என்கிட்ட.”

“அந்த ஊதாக் கம்பளிச் சட்டை?”

அதையும் மேலே போட்டுக்கொண்டாள். டார்ச் கழுத்தில் தொங்கியது. வில்ஃப் அதைப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டினான். ரயிலில் காகிதத்தைப் பிரித்து முட்டை சாண்ட்விச்சை அவளுக்குப் பாதி கொடுத்தான்.

நடிகர் வாசல் இருக்கும் சந்து வந்ததும் அவள் கால் தானாக அங்கே திரும்பியது. வில்ஃப் முழங்கையைப் பிடித்து முன்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான். முன்வாசல் படி பளிங்கு என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவள் பீட்டி, நோரீனின் பழைய தோழி.

“வாங்கம்மா, வாங்க! சீமாட்டி வந்துட்டாங்க! புரோகிராம் புத்தகம் வேணுமா அம்மணி?”

“வாய மூடுடி. எந்தப் பக்கம்?”

“இத்தனை வருஷமா இங்கேயே குப்பை கொட்டுறே, இருக்கை எந்தப் பக்கம்னு கேக்குறியே, வெக்கமா இல்ல?”

அரங்கம் நிறைந்துகொண்டிருந்தது. மதியக் காட்சி என்றால் வெளியூர்ப் பஸ்கள்தான். கெட்டரிங்கிலிருந்து ஒரு பஸ் நிறைய வெள்ளை முடிப் பெண்கள், மிட்டாய்த் தாள் சரசரக்க, நோரீனின் வரிசையில் மீதி இடம் முழுவதையும் பிடித்திருந்தார்கள். நடைபாதையிலிருந்து மூன்றாவது இருக்கை நோரீனுடையது, நான்காவது வில்ஃப்புடையது. வில்ஃப்பின் முழங்கால் முன் நாற்காலியில் முட்டியது. “இதக் கட்டின மஹாராணி காலத்துல ஜனங்களுக்குக் காலே கிடையாதா?” என்றான்.

திரை விலகியது. முதல் பாதி முழுக்க நோரீன் நாடகத்தைப் பார்க்கவில்லை. தையலைப் பார்த்தாள்.

“அந்த மாலுமி கால்சட்டை ஓரம் பிரிஞ்சிருக்கு.”

“ம்.”

“அத்தைக்காரி தொப்பி பின்னால் முன்னால் மாறிப் போச்சு. ஐயோ, அந்தக் காலுறை!”

“நோரி, அவ அழுதுக்கிட்டு இருக்கா. காலுறைய விடு.”

பக்கத்து இருக்கைப் பெண்மணி திரும்பி, “உஷ்” என்றாள். நோரீனுக்குக் கன்னம் சூடாயிற்று. இருட்டில் அவளைப் பார்த்து யாரும் உஷ் சொன்னதே கிடையாது. சொல்கிறவள் அவள்தான்.

இடைவேளையில் பீட்டி கழுத்தில் தட்டை மாட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் விற்க வந்தாள். மூடிக்குள் ஒளிந்திருக்கும் குட்டிக் கரண்டியை நோரீனால் ஒற்றைக் கையால் எடுக்க முடியாமல் வில்ஃப் எடுத்துக் கொடுத்தான். அவன் கண் லேசாகச் சிவந்திருந்தது.

“அழுதியா?”

“தூசி. எவ்வளவு பழைய கட்டடம் பாரு.”

“அழுதுட்டே!”

“அந்தப் பொண்ண அப்படி வெரட்டுறானே கடைக்காரன், அவன் மனுஷனா? நீ ஏன் இதெல்லாம் வீட்ல சொல்லவே இல்ல? எப்பப் பாத்தாலும் முடிச்சு, முடிச்சு, இடப்பக்கம், இடப்பக்கம். கதைன்னு ஒண்ணு இருக்குன்னே தெரியாது எனக்கு.”

நோரீன் கரண்டியை நக்கினாள். கதை அவளுக்கும் துண்டு துண்டாகத்தான் தெரியும், உடுப்பறை ஒலிபெருக்கியில் கேட்ட வரை. கடைசிக் காட்சி ஓடும்போது அவள் கரிச் சட்டையை அலச மாடிக்கு ஓடிக்கொண்டிருப்பாள்.

“இப்போ வரும்,” என்றாள். “கண்ணை எடுக்காதே. நானும் எடுக்கமாட்டேன். விளக்கா, கவுனா, அவ்வளவுதான்.”

*

இரண்டாம் பாதியில் அவள் வாயே திறக்கவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடையில் பனி கொட்டியது. மணிக்கூண்டில் நேரம் அடித்தது. ஓரத்தில் ஒற்றைப் பிடில் மெதுவாகத் தொடங்கியது. விளக்கேற்றுகிறவர்களின் பாட்டு.

அந்தப் பிடில் நோரீனின் காதுக்குப் போகவில்லை. நேராகக் காலுக்குப் போயிற்று. இத்தனை வருஷமாக அந்தப் பிடில் கேட்டதும் ஓரத்து முக்காலியிலிருந்து எழுந்து, குனிந்து, இருட்டில் தட்டிக்குப் பின்னால் போய்க் குந்துகிறவள் அவள். கால் எழுந்துவிட்டது. கால் எழுந்தால் உடம்பும் கூடவே போகத்தானே வேண்டும்? குனிந்தபடி, டார்ச்சைப் பல்லில் கடித்து அமுக்கிக்கொண்டு, முதல் பெண்மணியின் முழங்காலைத் தாண்டினாள். இரண்டாமவளின் பாதத்தை மிதித்தாள். மிட்டாய்ப் பொட்டலம் கீழே உருண்டது.

“அம்மாடி! என் காலு!”

“நோரி!” என்றான் வில்ஃப். “நோரி, எங்கே போறே?”

அவளுக்குக் கேட்கவில்லை. நடைபாதைக்கு வந்து, மாவுக்கட்டுக் கையையும் நல்ல கையையும் கவுன் வாங்குவதுபோல முன்னால் நீட்டிக்கொண்டு, மேடையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். வாயில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. மேடையோரக் கதவை நெருங்கும்போது பீட்டி ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

“எங்கடி போறே, கிறுக்கச்சி?”

“கவு...” என்றாள் நோரீன் டார்ச்சோடு. “கவுனு...”

“உனக்கு இன்னிக்கு வேலை இல்ல! டெஸ்மண்ட் இருக்கான் உள்ள!”

நோரீன் விழித்தாள். கையைப் பார்த்தாள், மாவுக்கட்டைப் பார்த்தாள், ஊதாக் கம்பளிச் சட்டையைப் பார்த்தாள். டார்ச் வாயிலிருந்து நழுவிக் கழுத்தில் தொங்கியது.

“இங்கேயே நில்லு,” என்று பீட்டி அவளைப் பிடித்து மேடைப் பக்கம் திருப்பினாள். “வாய மூடிக்கிட்டுப் பாரு.”

கழிகள் உயர்ந்தன. வரிசையின் கடைசி ஆள் நகர்ந்தான். அந்த இடத்தில், ஒரு பெண் மஞ்சளாக நின்றாள்.

நோரீனுக்கு அந்தக் கவுனின் ஒவ்வொரு கொக்கியும் தெரியும். அக்குளில் இரண்டு தடவை துணி மாற்றியதும், ஓரத்தில் மெழுகுக் கறை ஒன்று போகாமல் இருப்பதும் தெரியும். அதைப் போட்டிருக்கிற ஃபிலிப்பா அரைமணிக்கு முன் தொண்டைக்கு வெந்நீரும் தேனும் குடித்திருப்பாள், கால் ஆணிக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருப்பாள் என்பதும் தெரியும். இதெல்லாம் தெரிந்தும், அந்தப் பெண் அங்கே எப்படி வந்தாள் என்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. சுற்றிலும் ‘ஆ’ எழுந்தது. தன் வாயும் திறந்திருப்பதை நோரீன் அது மூடியபிறகுதான் உணர்ந்தாள்.

பீட்டி அவளை இருக்கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மிதிபட்ட பெண்மணி பாதத்தைத் தேய்த்துக்கொண்டே, “உடம்பு சரியில்லையா கண்ணு?” என்றாள்.

“மன்னிச்சுக்கோங்க. வேலை ஞாபகம்.”

“என்ன வேலை?”

“அந்தப் பொண்ணுக்கு டிரஸ் மாத்திவிடுறது.”

அந்தம்மாள் அவள் மாவுக்கட்டைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள், “அப்போ சரி,” என்று ஒரு மிட்டாயை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

மீதியை நோரீன் மற்றவர்களைப் போலப் பார்த்தாள். மெழுகுவத்திக்காரி மாலுமியோடு கப்பல் ஏறப்போகிறாளா, கடையிலேயே இருக்கப்போகிறாளா என்று தெரியாமல் மிட்டாயைக் கடிக்கவும் மறந்திருந்தாள். கடையிலேயே இருந்துவிட்டாள். மாலுமிதான் கப்பலை விட்டு இறங்கினான். “அப்படிப் போடு,” என்றாள் நோரீன், கொஞ்சம் சத்தமாகவே. இந்தத் தடவை யாரும் உஷ் சொல்லவில்லை.

*

நடிகர் வாசலில் ஸ்டான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். மேலே படியில் டெஸ்மண்ட், முகம் வெளிறிப்போய்.

“சொல்லு,” என்றான் ஸ்டான். “விளக்கா, கவுனா?”

அதற்குள் டெஸ்மண்ட் இறங்கி வந்துவிட்டான். “நோரீன், நானே சொல்லிடுறேன். முடிச்சு வலப்பக்கம் போயிருச்சு. ரிப்பன் கையில சுத்திக்கிச்சு, நேரம் இல்ல, கட்டி அனுப்பிட்டேன். ஆடுறவன் மோதிரத்தைக் கழட்டிட்டு ஆடினான், நல்லவேளை. திட்டணும்னா இப்பவே திட்டிடு.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நோரீன் நெற்றியைச் சுருக்கினாள். கவுனை நினைவில் கொண்டுவந்து பார்த்தாள். மஞ்சளாக வந்தது. முடிச்சு வரவில்லை.

“வலப்பக்கமா இருந்துச்சு?” என்றாள்.

“நீ பாக்கலையா?”

“பாக்கல டெஸ்மண்ட். சத்தியமா.”

“நான் பாத்தேன்,” என்றான் வில்ஃப் பின்னாலிருந்து. “மேடையில அவ திரும்பின உடனே பாத்தேன். வலப்பக்கம். இத்தனை வருஷமா ராத்திரிச் சாப்பாடு ஆறிப் போறவரைக்கும் கேட்டிருக்கேனே, எனக்குத் தெரியாதா?”

டெஸ்மண்ட் சிரித்துவிட்டான். ஸ்டான் விடவில்லை.

“அது கிடக்கட்டும். நீயும் வாயப் பொளந்தியாமே, பீட்டி சொல்றா. எதுக்கு? விளக்குக்கா, கவுனுக்கா?”

நோரீன் யோசித்தாள். பொய் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். ‘கவுன்’ என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் விளக்கு எங்கே முடிந்தது, கவுன் எங்கே தொடங்கியது என்பது அவளுக்கே தெரியவில்லை.

“தெரியல ஸ்டான்,” என்றாள் கடைசியில். “நான் எதையும் பாக்கல. அவளத்தான் பாத்தேன்.”

“இது என்ன தீர்ப்பு?” என்றான் ஸ்டான், வாங்கின காசுக்குச் சரக்கு குறைந்தவன்போல. “வில்ஃப், நீ சொல்லு. நீயும் ‘ஆ’ன்னியா?”

“‘ஆ’ன்னேன்.”

“எதுக்கு?”

“எம் பொண்டாட்டி வாயில லைட்டோட எழுந்து மேடைக்கு நடந்தா பாரு, அதுக்கு. எங்க வரிசை மொத்தமும் அதுக்குத்தான் ‘ஆ’ன்னுச்சு. மேடையில என்ன நடந்துச்சுன்னு கெட்டரிங் பஸ்ஸுல எவளையும் கேக்காதே, எவளும் பாக்கல.”

படியில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நோரீன் நல்ல கையால் வில்ஃப்பின் தோளில் ஒன்று வைத்தாள். பிறகு அவளும் சிரித்தாள். கண்ணில் நீர் வர, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

கட்டுப் பிரித்த திங்கட்கிழமையே வேலைக்கு வந்துவிட்டாள். மணிக்கட்டு இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. பிடில் தொடங்கியது. எழுந்தாள், குனிந்து போய்க் குந்தினாள், டார்ச்சைக் கடித்தாள். சட்டை வந்தது, கவுன் போயிற்று, கொக்கி, ரிப்பன். முடிச்சு இடப்பக்கம். முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு எந்தப் பக்கமாயிருந்தாலும் ஒன்றுதான் என்று இப்போது அவளுக்குத் தெரியும். மோதிரத்துக்கு அது தெரியாதே. முதுகில் ஒரு தட்டு. ஃபிலிப்பா போய்விட்டாள்.

‘ஆ’ என்றது அரங்கம்.

ஈரச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போகிற வழியில் ஸ்டானைத் தாண்டும்போது, “பாதி உனக்கு,” என்று கிசுகிசுத்தாள்.

“இன்னிக்கு முக்கால்வாசி எனக்கு,” என்றான் ஸ்டான் விசையிலிருந்து கையை எடுக்காமல். “பல்பெல்லாம் புதுசு.”

“போடா,” என்றாள் நோரீன். ஆனால் மாடிப்படி ஏறாமல், சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவன் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். மாலுமி கப்பலை விட்டு இறங்குகிற இடம் வரட்டும், கரி எங்கேயும் ஓடிவிடாது, அதற்குப் பிறகு அலசிக்கொள்ளலாம்.